துண்டு நெய்தவனின் ஓட்டு

தேர்தல் என்று அறிவிப்பு வந்துவிட்டால் போதும், நாட்டிலே துண்டுக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. மேடை ஏறுபவருக்குத் துண்டு, மேடை போட்டவருக்குத் துண்டு, வட்டத்துக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று, மலர்மாலை வாடிவிடும் என்பதால் மாலைக்கு மாற்றாகவும் துண்டு! போர்த்தப்படும் தோள்கள் பல. போர்த்தும் கைகள் அதனினும் பல. ஆனால், தோழர்களே, அந்தத் துண்டு எந்தத் தறியிலே பிறந்தது, அதை நெய்தவனுக்குக் கூலியாக என்ன கிடைத்தது, இந்தத் தேர்தலிலே அவன் யாரிடம் என்ன கேட்கப்போகிறான் என்று மேடையிலே இருப்போரும் கேட்பதில்லை. எதிரே அமர்ந்திருக்கும் நாமும் கேட்பதில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்தத் துண்டுகளிலே பல கைத்தறியே அல்ல. விசைத்தறியிலே விரைந்து ஓடி, பளபளப்பு நூல் ஏற்றிக்கொண்டு, பொன்னாடை என்று பெயரும் சூட்டிக்கொண்டு வருபவை. கைத்தறியைத் தோளிலே சுமந்த மரபிலே வந்த நம்மவர் மேடைகளும் இதற்கு விலக்கல்ல.

குத்திக்காட்டுவதற்காக இதனைக் கூறவில்லை. நாம் கூற விரும்புவது வேறு. தறியிலே அமர்ந்திருப்பவர், மண்பாண்டம் வனைபவர், கல்லிலே உளி பிடிப்பவர், கோரைப்பாய் முடைபவர், கூத்துக் கட்டுபவர், பறை முழக்குபவர் ஆகிய இவர்கள் எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது. அந்த ஓட்டைப் போடும் வேளையிலே, 'நமது கலைக்கு ஆட்சி என்ன ஒதுக்கிற்று? ஒதுக்கியதிலே எவ்வளவு நம் கைக்கு வந்தது? இனி வருபவர் என்ன ஒதுக்குவார்?' என்று எண்ணிப் பார்க்கிறார்களா? நாம் சென்று கண்ட அளவிலே, இல்லை. சாதி பார்க்கிறார்கள், ஊர்ப் பெரியவர் முகம் பார்க்கிறார்கள், சிலர் சகுனமும் பார்க்கிறார்கள். தறியைப் பார்ப்பதில்லை.

ஓட்டு இல்லாத நெசவாளிக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய இங்கிலாந்து நாட்டின் ஏடுகளைப் புரட்டவேண்டும். இயந்திரம் வந்து கூலியைச் சரித்தது. "எங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்றைச் சட்டமாக்குங்கள்" என்று லங்காஷயர் நெசவாளர் பார்லிமெண்டின் வாயிலிலே நின்றனர். 1808-இல் அதற்கான மசோதா வந்தது, பார்லிமெண்ட் தள்ளிவிட்டது. மான்செஸ்டரிலே திரண்ட நெசவாளர் மீது படை ஏவப்பட்டது. ஓர் உயிரும் போயிற்று. 1830-களிலே மீண்டும் கோரிக்கை, மீண்டும் மறுப்பு. 1837-இல் ஓர் ஆணையம் அமைத்தனர். நெசவாளர் குடிசைகளை எல்லாம் கண்டு, கணக்கெடுத்து, 1841-இல் அந்த ஆணையம் கூறிய முடிவின் சாரம், கூலியைச் சட்டத்தால் உயர்த்த முடியாது, வேறு வேலைக்குப் போவதே வழி என்பதுதான். 1820-களிலே பருத்தித் தறியிலே ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் இருந்தனர் என்பது வரலாற்றாசிரியர்கள் கணிப்பு. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அவர்களிலே ஐந்தில் ஒரு பங்கினர் கூட எஞ்சவில்லை.

ஏன் இப்படி? பார்லிமெண்டிலே இருந்தவர்கள் அனைவரும் கல் நெஞ்சினரா? அல்லர். நிலக்கிழாரின் ஓட்டும் ஆலை முதலாளியின் ஓட்டும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. நெசவாளியிடம் ஓட்டே இல்லை. 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கூட, ஆண்டுக்கு 10 பவுன் மதிப்புள்ள வீட்டிலே குடியிருப்பவனுக்கே நகரங்களிலே வாக்குரிமை தந்தது. குடிசையிலே தறி வைத்திருந்தவன் கணக்கிலே வரவில்லை. அதனால்தான் 1838-இல் எழுந்த சாசன இயக்கத்திலே நெசவாளர் பெருந்திரளாகச் சேர்ந்தனர். கூலி கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள், 'முதலிலே ஓட்டு. பிறகு கூலி' என்ற முடிவுக்கு வந்தனர். 1844-இல் ராச்டேல் நகரிலே 28 பேர் கூடி ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்களே, அந்தக் கூட்டத்திலும் நெசவாளர் இருந்தனர்.

அவர்கள் எதற்காகப் பாடுபட்டார்களோ அது நமக்கு 1951–52 பொதுத் தேர்தலிலேயே கிடைத்துவிட்டது. வரி கட்டியவனுக்கும் சொத்து வைத்திருந்தவனுக்கும் மட்டுமே என்றிருந்த உரிமை, குழித்தறியிலே கால் விட்டு அமர்ந்திருந்தவனுக்கும் அவன் மனைவிக்கும் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

அந்த முதல் தேர்தலுக்கு அடுத்த ஆண்டை எண்ணிப் பாருங்கள். கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தது. நெசவாளர் குடும்பங்கள் கஞ்சித் தொட்டியின் முன்னே நின்றன. 1953-இல் அறிஞர் அண்ணாவும் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாகச் சென்று கூவி விற்றனர். அதே ஆண்டிலே டில்லியிலே ஒரு சட்டம் வந்தது. ஆலைத் துணிமீது கஜத்திற்கு 3 தம்பிடி கூடுதல் தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட வழி செய்த சட்டம். 3 தம்பிடி என்றால் காலணா! ஆலைத் துணி வாங்கும் ஒவ்வொருவனும் தரும் காலணா, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உயிர்நீராயிற்று. தெருவிலே எழுந்த குரல் கஜானாவின் கதவைத் தட்டும் என்பதற்கு அந்த ஆண்டு சான்று.

அதே ஆண்டிலே இன்னொன்றும் நடந்தது. அப்போது முதலமைச்சராக இருந்த ஆச்சாரியார், சேலையும் வேட்டியும் கைத்தறிக்கே ஒதுக்கப்படவேண்டும் என்று டில்லியிடம் வாதாடியவர். இதை மறைப்பது நேர்மையன்று, அவர் வாதாடினார். ஆனால் அவர்தாம் 1953-இல், பிள்ளைகளுக்குப் பள்ளியிலே அரை நாள், மீதிப் பொழுது அப்பன் தொழில் என்ற திட்டத்தையும் கொண்டுவந்தார். தறியைக் காக்கவேண்டும் என்று உருகிய உள்ளம், தறிக்காரன் மகன் தறியைவிட்டு எழுந்து நிற்பதை விரும்பவில்லை! நாடு கொதித்தது, 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். கைத்தொழில் மீது காட்டப்படும் பரிவு வேறு, கைத்தொழிலாளி மீது காட்டப்படும் பரிவு வேறு என்பதை நம் இயக்கத்தவர் கற்றுக்கொண்ட ஆண்டு அது. அந்தப் பாடம் இன்றைக்கும் தேவைப்படுகிறது.

காஞ்சிப் பக்கத்திலே ஒரு நெசவாளர் தெருவுக்கு நாம் தோழர்கள் சிலருடன் சென்றிருந்தோம். மழைக்காலம். தெருவிலே பாவு போடமுடியாமல் தறிகள் பலவும் ஓய்ந்திருந்தன. ஒரு வீட்டிலே முதியவர் ஒருவர் தறிக்குழியிலிருந்து தகரக் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். குழியிலே ஈரம் ஏறினால் காலும் மரத்துப்போகும், பாவும் பதம் கெடும். பேச்சுக் கொடுத்தோம்.

"ஓட்டு யாருக்கு என்று முடிவு செய்துவிட்டீர்களா, ஐயா?"

"அதெல்லாம் தெருவிலே முடிவு பண்ணிடுவாங்க தம்பி. பெரியவங்க கூடி ஒரு பேரைச் சொல்லுவாங்க. நாங்க போட்டுடுவோம்."

"சென்ற முறை வந்தவர் என்ன செய்வதாகச் சொன்னார்?"

"கோயிலுக்குக் கலசம் செஞ்சு தர்றேன்னாரு. பொய் சொல்லக்கூடாது, செஞ்சும் குடுத்தாரு."

"தறிக்குழியிலே ஆண்டுதோறும் தண்ணீர் ஏறுகிறதே, அதற்கு?"

முதியவர் குவளையைக் கீழே வைத்தார். "அதை யாரு தம்பி கேட்டா?" என்றார்.

யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் தரவில்லை. கலசம் கேட்டார்கள், கலசம் வந்தது. வேட்பாளர் மீது குற்றம் சொல்ல இதிலே என்ன இருக்கிறது? கோபுரத்தின் உச்சியிலே செம்பு மின்னுகிறது. குழியிலே தண்ணீர் நிற்கிறது. ஆயுத பூசை நாளிலே அந்தத் தறிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரிகடலை படைத்து விழுந்து கும்பிடுகிறார்கள். கும்பிடப்பட்ட தறி அடுத்த மழைக்கும் நனைந்துகொண்டே இருக்கிறது. தரையை உயர்த்திக் கட்டிய தறிக்கூடம் வேண்டும் என்றால் அதற்குப் பணம் வேண்டும். பணம் வேண்டும் என்றால் வரவு செலவுத் திட்டத்திலே ஒரு வரி வேண்டும். அந்த வரி வேண்டும் என்றால் வாய் திறக்கவேண்டும்.

அந்த முதியவர் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஊடையிலே கொக்கி போட்டாற்போல் கோத்து நெய்யவேண்டும். மூன்று நாடா ஓடவேண்டும். ஒருவரால் இயலாது, பக்கத்திலே இன்னொரு ஆள் வேண்டும். முன்னாளிலே அந்த இன்னொரு ஆள் ஒரு சிறுவன். "இப்ப எல்லாப் பிள்ளைங்களும் பள்ளிக்கூடம் போவுது. நல்லதுதான். ஆனா கோர்வைக்கு ஆள் இல்லை" என்றார் அவர். நல்லதுதான் என்று அவர் சொன்னதை நாம் கவனித்தோம். நகரத்துக் கலைச் சீமான்கள் சிலருக்கு அந்தச் சொல் வாயிலே வருவதில்லை. 'ஐயோ, கோர்வை அழிகிறதே!' என்று கண்ணீர் விடுவார்கள். பட்டு உடுத்தத் தங்கள் வீட்டுப் பெண், நாடா தள்ள ஏழை வீட்டுப் பிள்ளை. இதற்குப் பெயர் பாரம்பரியம்! சிறுவன் இருந்த இடத்திலே வளர்ந்த ஆள் ஒருவரை முழுக் கூலி தந்து அமர்த்தினால் கோர்வை வாழும். அந்தக் கூலியிலே சேலை வாங்குபவர் எவ்வளவு தருவது, அரசு எவ்வளவு தருவது என்பதே பேசவேண்டிய பொருள்.

இங்கே நமது இளைஞர் சிலர் குறுக்கிடுவர். "அறிவியல் யுகத்திலே கைத்தறிக்கு என்ன வக்காலத்து? இயந்திரத்தை வரவேற்றவரல்லவா பெரியார்?" என்பர். வரவேற்றவர்தாம், நாமும் வரவேற்கிறோம். எல்லோரும் தறியிலே உட்காரவேண்டும் என்று நாம் கூறவில்லை. எழுந்து போக விரும்புபவனுக்குப் பள்ளியும் கல்லூரியும் திறந்திருக்கட்டும். இருக்க விரும்புபவன் கலைஞனாக இருக்கட்டும், பிச்சைக்காரனாக அல்ல. இயந்திரம் நெய்ததை இயந்திரம் நெய்தது என்று சொல்லி விற்கட்டும். கைத்தறி என்று முத்திரை குத்தி விற்பது திருட்டு. திருட்டை முன்னேற்றம் என்று பகுத்தறிவாளன் ஒப்பமாட்டான். 1985-இல் வந்த ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிற்று; பின்னர் அது 11 ஆகக் குறைந்தது. ஆலைக்காரரும் விசைத்தறிக்காரரும் வழக்காடியும், 1993-இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. சட்டம் செல்லும், சோதனையிட ஆள் செல்லவேண்டுமே! ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? மறுபடியும் அந்த வரவு செலவுத் திட்டம்தான்.

அண்மைக் கால வரலாற்றைச் சற்று விரைந்து பார்த்துவிடலாம். 2019–20-இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தொழிலிலே இருப்பதாகக் கூறிற்று. நெசவாளரிலே பெரும்பாலோர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களிலே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் கீழ். இந்தக் கணக்கு வெளிவந்த அதே காலத்திலே, 2020-இல், அகில இந்தியக் கைத்தறி வாரியமும் அகில இந்தியக் கைவினை வாரியமும் கலைக்கப்பட்டன. கேட்கும் இடமாவது ஒன்று இருந்தது; அதுவும் போயிற்று. அதற்கு முன், 2017-இலே சரக்கு சேவை வரி வந்து கைத்தறியையும் வலையிலே சேர்த்துக்கொண்டது. 2022 சனவரி முதல் நாளிலிருந்து துணிக்கான வரியை 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆக உயர்த்துவது என்றும் முடிவாயிற்று. எதிர்ப்பு எழுந்தது, பல மாநில அரசுகள் மறுத்தன, 2021 டிசம்பர் 31 அன்று, விடிந்தால் வரி என்ற நிலையிலே, நிறுத்தி வைத்தார்கள். சில மாநிலங்களிலே அப்போது தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுதான் காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. நெசவாளி அந்த நாட்குறிப்பைத் தன் வீட்டுச் சுவரிலே எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்று மட்டும் கூறுகிறோம். 2025 செப்டம்பரிலே கைவினைப் பொருள்கள் பலவற்றின் வரி 12-லிருந்து 5 ஆகக் குறைந்தது. மாற்ற முடியாதது என்று கஜானாவிலே எதுவும் இல்லை.

2023-இலே டில்லி அரசு விசுவகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. 5 ஆண்டுகளுக்கு 13,000 கோடி ரூபாய், 18 தொழில்கள், பயிற்சி, கருவி வாங்க 15,000 ரூபாய், 5 விழுக்காடு வட்டியிலே கடன். தொகை சிறிதன்று. ஆனால் அந்த 18-இலே கைத்தறி நெசவு இல்லை. 18 வயது நிரம்பியவனை, குடும்ப வழித் தொழிலிலே இருப்பவன் என்ற அடையாளத்தோடு அது அழைத்தது. 18 வயது என்பது கல்லூரி வாயிலிலே நிற்கவேண்டிய வயது. 1953 நினைவுக்கு வராதா? தமிழ்நாட்டு அரசு 2024-இலே திருத்தம் கேட்டது: வயது 35 ஆகட்டும், குடும்பத் தொழில் என்ற நிபந்தனை போகட்டும் என்றது. டில்லி இசையாததால் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியே ஒன்றை 2025 ஏப்ரலிலே தொடங்கிற்று. 25 தொழில்கள்; 35 வயது; 3 லட்சம் வரை கடன்; அதிலே கால் பங்கு, 50,000 ரூபாய் வரை, மானியம்; எந்தக் குலத்தவன், எந்த வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி இல்லை. கொள்கை வழியிலே இது நேரானது என்பது நமது துணிபு. அதற்காகக் கேள்வியை நிறுத்திவிடலாமா? கடன் கடன்தான், விற்பனை இல்லாதவனுக்குக் கடன் தருவது நீந்தத் தெரியாதவனுக்குப் படகின் விலைப்பட்டியலைத் தருவது போன்றது. நம்மவர் ஆட்சியானாலும் பிறர் ஆட்சியானாலும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

பொதுப் பணம் கலைக்கு ஏன் வேண்டும் என்பதற்கு, வயிற்றுப்பாட்டைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. பணம் இல்லாத இடத்திலே கலை குலத்துக்குள்ளே ஒடுங்கும். ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை, பள்ளி இல்லை, கருவி இல்லை என்றால், அப்பன் மகனுக்குச் சொல்லித் தருவது ஒன்றே வழி. அதைத்தான் குருகுல மகிமை என்று போற்றுகிறார்கள். செலவில்லாத ஏற்பாடு அல்லவா! 1957-இல் மாமல்லபுரத்திலே அரசு சிற்பப் பயிற்சிக்கூடம் திறந்தது, பின்னர் கல்லூரியாயிற்று. 1960-இல் சேலத்திலே கைத்தறித் தொழில்நுட்பக் கல்விக்கூடம் வந்தது. அங்கே யார் வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பம் போடலாம். ஒரு குலத்தின் வீட்டுத் திண்ணையிலே அடைபட்டுக் கிடந்த உளியை மாணவன் எவனும் எடுக்கலாம் என்று ஆக்கியது பக்தியா? பொதுப் பணம்!

"அந்தக் காலத்து மன்னர்கள் கலையை வளர்க்கவில்லையா?" என்பர். வளர்த்தனர். கோயிலுக்கு இறையிலி நிலம், கோயிலிலே ஆடவும் ஊதவும் செதுக்கவும் ஆள். நிலம் கொடுத்தவன் சொன்னபடி ஆடவேண்டும். அந்த ஏற்பாட்டின் பெயரால் பெண்கள் பட்ட இழிவை ஒழிக்க 1947-இலே சட்டம் வரவேண்டியதாயிற்று. கொடையாளியின் தயவிலே வாழ்ந்த கலை, கொடையாளியின் கைப்பொருளாயிற்று. வரவு செலவுத் திட்டத்திலே வரும் பணம் கொடையன்று. நாம் கட்டிய வரி. அதைக் கேட்கும்போது கைகட்டி நிற்கத் தேவையில்லை.

பணம் மட்டுமே எல்லாம் என்றும் எண்ணவேண்டாம். மண்பாண்டம் வனைபவருக்கு முதலிலே வேண்டியது மண். ஏரி வண்டல் எடுக்க அனுமதி கேட்டு அலுவலகப் படி ஏறி இறங்கியே அவர்கள் காலம் கழிந்தது. 2024-இலே வட்டாட்சியர் அளவிலேயே இலவச அனுமதி என்று விதி எளிதாக்கப்பட்டது. ஒரு கையெழுத்து இடம் மாறியதால் சக்கரம் சுழல்கிறது. ஆகவே வேட்பாளரிடம், 'எவ்வளவு தருவீர்?' என்பதோடு, 'எந்தத் தடையை எடுப்பீர்?' என்றும் கேட்கவேண்டும். 1983 முதல் நடந்துவரும் இலவச வேட்டி சேலைத் திட்டத்திலே கைத்தறிக்கு எத்தனை பங்கு, விசைத்தறிக்கு எத்தனை பங்கு என்று கேட்கவேண்டும். 2007-இலே நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் அமைத்தார்களே, அதிலே பதிவு செய்த தவில்காரரும் கூத்துக்காரரும் முதுமையிலே உதவித்தொகை பெறுகிறார்களா என்று கேட்கவேண்டும்.

இவற்றை எல்லாம் தறியிலே இருப்பவர் தாமாக அறிவது எப்படி என்று கேட்பீர்கள். அங்கேதான், தோழர்களே, நமக்கு வேலை இருக்கிறது. படிப்பகம் கண்ட இயக்கம் நமது இயக்கம். ஓர் ஏட்டை ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் பீடி சுற்றிக்கொண்டும் முடி திருத்திக்கொண்டும் கேட்ட காலம் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் சட்டமன்றத்திலே கைத்தறித் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது, கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகத்தை அரசே தமிழில் வெளியிடுகிறது. எவ்வளவு ஒதுக்கீடு, என்ன திட்டம், எத்தனை சங்கம் என்பதெல்லாம் அதிலே இருக்கின்றன. நெசவாளர் தெருவிலே ஒரு மாலை, அதை எடுத்து உரக்கப் படியுங்கள். சென்ற ஆண்டுப் புத்தகத்தையும் பக்கத்திலே வைத்துக்கொள்ளுங்கள். 'ஒதுக்கியது இவ்வளவு, திருத்திய மதிப்பீடு இவ்வளவு, இடையிலே காணாமற்போனது எங்கே?' என்ற கேள்வியைக் கேட்பவர்களே எழுப்புவார்கள். நீங்கள் சொல்லித்தரத் தேவையிராது. நாம் ஒரு முறை செய்து பார்த்தோம். முதல் கால் மணி நேரம் கொட்டாவி, தள்ளுபடி மானியம் பற்றிய பக்கம் வந்ததும், "இந்தப் பணம் சங்கத்துக்கு எப்ப வந்தது?" என்று பின்வரிசையிலே ஒரு அம்மையார் எழுந்து கேட்டார். அதன் பிறகு இரவு பத்து மணி வரை கூட்டம் கலையவில்லை.

அந்த அம்மையார் கேட்ட இன்னொரு கேள்விக்கு நம்மிடம் விடை இருந்தும், அங்கே செயலாற்ற வழி இருக்கவில்லை. "எங்க சங்கத்துக்கு எப்பப்பா தேர்தல்?" என்றார். சட்டமன்றத் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. கூலியை முடிவு செய்வதும், பாவும் நூலும் பங்கிடுவதும், தேங்கிய சேலையைக் கோ-ஆப்டெக்சுக்கு அனுப்புவதும் கூட்டுறவுச் சங்கம். அங்கே நிருவாகக் குழுவின் காலம் முடிந்து, தேர்தல் நடவாமல், தனி அலுவலர் ஒருவர் கையொப்பமிடும் நாள்கள் ஆண்டுக் கணக்கிலே நீள்வதுண்டு. ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர் துண்டு போர்த்திக்கொள்ளக் குனியும்போது, சங்கத் தேர்தலுக்கு நாள் குறிக்க என்ன செய்வார் என்பதை முதலிலே கேட்பதென்று அந்தத் தெரு முடிவு செய்திருக்கிறது. தறிக்கூடத்தின் தரையை உயர்த்தும் செலவுக்கு ஒரு மதிப்பீடும் எழுதி, அந்த முதியவரின் பெயரிலேயே மனு ஆயத்தமாகிறது.